நரித்திட்டில் கலைந்த ஒருசந்தி

சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து, ராக்கன் கூட்டிவந்த ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளி, ஒருவழியாக மோட்டார் வீடு நரித்திட்டின் மணலில் ஏறி நின்றதைப் போன வாரம் பார்த்தோம். சூசைராஜ் அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்ததாகச் சொன்னார். தள்ளியவர்கள் மரியாதைக்காக மறுக்கவில்லை.

அது பட்டாளத்து ஆம்புலன்ஸ். சண்டை முடிந்து அரசாங்கம் கழித்துக்கட்டிய வண்டிகளில் ஒன்று. திருச்சி ரோட்டில் பஸ் ஓட்டுகிற சூசைராஜ் அதைப் பிடித்துவந்து, நீலச் சாயம் அடித்து, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர்ப் பானையும் மாதா படமும் வைத்தார். இரண்டு படுக்கைகள் ஏற்கெனவே இருந்தன. வீடு என்றால் வேறு என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. "இதுல முன்னாடி படுத்தவங்க யாராச்சும் எந்திரிச்சாங்களாப்பா?" என்பது அவருடைய சொந்த ஊரான ஆவூர்க்காரர்கள் கட்சி.

சாயத்தை மீறிச் சிவப்புச் சிலுவை லேசாகத் தெரிந்தது. போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் வைத்திய வண்டி என்று வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். சூசைராஜும் கவலையோடு பார்த்துவிட்டு ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

ஒரே மகள் ஞானசெல்வி வருகிற புதன்கிழமை திருச்சியில் கன்னியர் மடத்தில் சேருகிறாள். அதற்கு முன்னால் பிள்ளைக்குக் கடலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கடலைக் காட்டி, நண்டைக் காட்டி, சுறாவைக் காட்டி, அவளை வீட்டோடு நிறுத்திவிடுவது என்ற பாதியை மட்டும் சொல்லவில்லை. அவர் நாக்குக்கு அடிமை. உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திட்டம் பலிக்கிற மாதிரியும் இருந்தது. வீட்டில் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிற பெண், கிளம்பிய நாளிலிருந்து கொடுத்ததையெல்லாம் வாங்கித் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பனையேறியிடமிருந்து கலயத்தை வாங்கிக்கொண்டு ராக்கன் மணலில் வந்தான். மீன்பிடிக்கிறவன். திட்டுக்கும் கரைக்கும் நடுவில், கடல் தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரிகிற வண்டித் தடம் எங்கே ஓடுகிறது என்பது அவன் காலுக்குத் தெரியும்.

"இப்பத்தான் எறக்குனது, டிரைவரண்ணே. வெயில் ஏறுறதுக்குள்ள குடிச்சிருங்க."

சூசைராஜ் ஓலைப் பட்டையில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொரு பட்டை பதநீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அலையோரமாக உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த மகளை நோக்கி ஓடினார். தொந்தியுள்ள மனிதர் மணலில் ஓடுவது பார்க்கத் தகுந்த காட்சி. பாதி வழியில் சிந்திவிட்டது.

"ஏ ஆத்தா, இந்தா. மோட்சத்துல சம்மனசுங்க இதத்தான் குடிக்குதாம்."

செல்வி பட்டையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் பதநீர் வழிய, மூச்சு வாங்க நின்ற அப்பாவைப் பார்த்தாள். வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"எப்படி?"

"நல்லா இருக்குப்பா. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

அப்போதுதான் வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டு அவர் பெண்சாதி அருளம்மாள் இறங்கினாள். பூசைக்கென்று வெளுத்து வைத்திருந்த சேலையைக் கட்டி, முக்காட்டையும் போட்டிருந்தாள். கலயத்தைப் பார்த்தாள். மகளின் உதட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

அந்தத் திட்டில் வேதக்காரர்கள் வீடு கொஞ்சந்தான். ஒரு கீற்றுக் கோயில். மாதத்தில் ஒரு ஞாயிறு சாமியார் வள்ளத்தில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். அது இன்றைக்கு. பூசையில் சாமியார் கையால் நன்மை என்கிற தேவ அப்பத்தை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஒருசந்தி இருக்க வேண்டும். ஒரு வாய் உள்ளே போனாலும் பாவமில்லை; ஆனால் அன்றைக்கு நன்மை இல்லை.

"மூணு பேரும் சேந்து முழங்கால் போட்டு நன்மை வாங்குறது இதுதான் கடைசின்னு நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"மறந்து போச்சு அருளு. சத்தியமா."

"நீங்க மறப்பீங்க. ஒங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்ததே மறந்து போயிருக்கும். இவளுக்குமா மறந்து போச்சு?"

செல்வி சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்தச் சும்மாவைக் கேட்டதும் சூசைராஜின் நெஞ்சுக்குள் ஒரு எஞ்சின் உதைத்துக் கிளம்பியது. மறந்துவிட்டாளே. மாதாவின் தாயார் அன்னம்மாள் திருநாளைக்கூட மறக்காதவள், ஒருசந்தியை மறந்துவிட்டாளே. கர்த்தர் நிஜமாகவே கூப்பிட்ட பிள்ளைக்கு ஒரு பட்டை பதநீரில் அது மறந்து போகுமா?

பூசையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்தார்கள். நன்மை நேரம் வந்தபோது அருளம்மாள் மட்டும் எழுந்து போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. மடத்துக்குப் போகிற பெண் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பெண்கள் பக்கம் முழுக்கக் கவனித்தது. "என்ன பாவம் செஞ்சுச்சோ" என்று ஒரு குரல், காதில் விழ வேண்டும் என்றே மெல்லப் பேசியது. செல்வி தலை குனிந்து முழங்காலில் நின்றாள்.

அன்று அந்தக் கோயிலில் உருகி உருகிச் செபித்தவர் சூசைராஜ்தான். மாதாவே, என் பிள்ளைக்கு இந்த ஞாபக மறதி இன்னும் முத்தட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சாமியார் அவர் தோளைத் தட்டினார். "பிள்ளையத் தேவனுக்குக் குடுக்கிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது, சூசை."

"ஆமாங்க சாமி. எனக்கும் வாய்க்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு" என்றார் சூசைராஜ். சாமியார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறினார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வண்டியின் பின்னால் கட்டியிருந்த சைக்கிளை அவிழ்த்தார். உள்ளே போகிற மணல் பாதைகளுக்கு வண்டி தோதுப்படாது. ராக்கன் வீட்டில் அவன் பெஞ்சாதி காத்தாயி சுறாப்புட்டு கிளறி வைத்திருந்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் வாசனையாக வதங்கியிருந்தன. அடுத்த வீட்டில் கணவாய் வறுவல். அதற்கடுத்த வீட்டில் மடவை மீனைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆவூர்க் கண்மாயில் கெண்டையையும் விராலையும் பார்த்து வளர்ந்தவர் சூசைராஜ். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் கடல் மீனைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். முள்ளே இல்லாத கணவாய்க்கு முள் ஜாஸ்தி என்று அவர் சொன்னபோது, கூடவே வந்திருந்த காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

செல்வி எல்லாவற்றையும் தின்றாள். கையை நக்கினாள். இன்னொரு துண்டு கேட்டாள். அவள் வாயசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பஸ் ஓட்டுகிறபோதுகூட, முன்சீட்டில் யாராவது பிள்ளை முறுக்குத் தின்றால் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். கண்டக்டர் திருப்பதி, பஸ் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்வார்.

வெயில் சாய்ந்தபோது திட்டின் தென்கோடிக்குக் கிளம்பினார்கள். ஈரமணல் இறுகிக் கிடந்தது.

"தள்ளுங்கப்பா. நான் மிதிக்கிறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

"ஒங்கம்மா பாத்தா?"

"பாக்கட்டும். இனிமே எங்கிட்டு மிதிக்கப் போறேன்."

கண்மாய் வற்றிய கோடையில், அருளம்மாள் தூங்கி எழுவதற்குள், சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர்தான் கற்றுக் கொடுத்திருந்தார். இப்போது அந்தக் கனத்த மனிதரைக் கேரியரில் வைத்துக்கொண்டு அவள் மிதித்தாள். சேலை முந்தி காற்றில் பறந்து அவர் முகத்தில் அடித்தது. வண்டியருகே நண்டு கழுவிக்கொண்டிருந்த அருளம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று சூசைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ சைக்கிள் புள்ளியாகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

தென்கோடியில் ஒற்றைப் பனை நிழலில் உட்கார்ந்து நுங்கு சீவினார்கள்.

"ஒண்ணு சொல்லட்டா ஆத்தா?"

"நீங்க என்னைக்குக் கேட்டுக்கிட்டுச் சொன்னீங்க?"

"ஒருசந்திய மறக்குற பிள்ளைக்கு மடம் சரிப்படுமா? அங்க மணியடிச்சா எந்திரிக்கணும். மணியடிச்சாத் திங்கணும். மணியடிச்சாத்தான் பேசணும். நீ எம்பிள்ளை. எனக்கு பஸ்ஸுல அடிக்கிற மணியே காதுல விழுகாது. திருப்பதியக் கேட்டுப் பாரு."

செல்வி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மறக்கலப்பா."

"எத?"

"ஒருசந்திய. ராத்திரியிலருந்து ஞாபகம் இருந்துச்சு. நீங்க பட்டையத் தூக்கிக்கிட்டு ஓடியாரப்பவும் இருந்துச்சு."

"பின்ன எதுக்குக் குடிச்ச?"

"நீங்க அப்படி ஓடியாந்தீங்களேப்பா."

அலை ஒன்று வந்து சைக்கிள் சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போனது. காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிட்டதை சூசைராஜ் உணர்ந்தார். ஆனால் அவர் பஸ் டிரைவர். ஒரு ரோடு அடைத்திருந்தால் இன்னொரு ரோட்டில் திருப்புகிறவர்.

"சரி, போ. நான் ஒண்ணும் அழுகல. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை வந்து பாக்கலாம்னு மதர் சொல்லியிருக்காங்கள்ல? திருச்சி எனக்கு என்ன சீமையா? ஒங்கம்மாவக் கறி ஆக்கச் சொல்லி, டிபன் கேரியர்ல கட்டிக்கிட்டு வந்துருவேன். மடத்து மரத்தடியில ஒன்ன உக்கார வச்சு, நீ தின்னு முடிக்கிறதப் பாத்துட்டுத்தான் கெளம்புவேன்."

செல்வி நுங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். உரிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றபோது நிமிர்ந்தாள்.

"கேரியரக் குடுக்கலாம்பா. உள்ள வாங்கி எல்லாருக்கும் பங்கு வைப்பாங்க."

"வைக்கட்டுமே. ஒனக்கும் ஒரு பங்கு உண்டுல்ல?"

"உண்டு. ஆனா ஒங்க முன்னாடி திங்கக் கூடாது."

"யாரு?"

"நாந்தான். அது மடத்துச் சட்டம்பா. வெளி ஆளுங்க பாக்கச் சாப்பிடக் கூடாது. தண்ணி குடிக்கிறதுன்னாலும் உள்ள போயித்தான் குடிக்கணும்."

"நான் வெளி ஆளா?"

"பெத்தவங்களும் அதுல சேத்திதான்."

சூசைராஜ் ஒரு தமாஷ் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு எப்போதும் ஒன்று கையிருப்பில் இருக்கும். வாய் திறந்தபடியே இருந்தது.

"அதான்பா கெளம்புன நாள்லருந்து நீங்க குடுத்தது ஒண்ணையும் வேணாம்னு சொல்லல" என்றாள் செல்வி. கையிலிருந்த நுங்கில் பாதியை அவரிடம் நீட்டிவிட்டு, மீதியை அவர் பார்க்கப் பார்க்க மெல்லத் தின்றாள்.

திரும்பும்போதும் அவள்தான் மிதித்தாள். ஆள் பின்னால் இருக்கிறாரா, விழுந்துவிட்டாரா என்று அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மூன்று பேரும் வண்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காத்தாயி அரைத்துக் கொடுத்த மசாலாவில் நண்டுக் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. அருளம்மாள் பரிமாறினாள். செல்வி ஒரு காலை எடுத்துக் கடித்தாள். சூசைராஜ் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்.

"அங்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க? சோறு ஆறுது."

"பழகிக்கிறேன்."

அருளம்மாளின் கையில் கரண்டி நின்றது.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"நீ எப்பத் தெரிஞ்சுக்கிட்ட?"

"மதர் சேத்துக்கிறேன்னு சொன்ன அன்னைக்கே."

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொன்னா அன்னையிலருந்தே நீங்க திங்க மாட்டீங்க" என்றாள் அருளம்மாள். அவர் தட்டில் பெரிய கொடுக்காகப் பார்த்து ஒன்றை வைத்தாள். கோயிலில் சிவந்த கண் இன்னும் வெளுக்கவில்லை. மகளைச் சாமிக்குக் கொடுக்கிற பெருமையோடு ஊரெல்லாம் சொல்லி வந்தவள், தான் ஒரு கவளமும் எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"டிரைவரண்ணே, இங்கிட்டு ஒரு நிமிசம்."

தண்ணீரோரத்திலிருந்து ராக்கன் கூப்பிட்டான். சூசைராஜ் கை கழுவிவிட்டுப் போனார்.

"தெக்கேருந்து சோழகக் காத்து திரும்பிருச்சு. வெடியத் தண்ணி வத்தும், கெளம்பலாம்னு சொன்னேன்ல, அது ஆகாது. இந்தக் காத்து பிடிச்சா நாலஞ்சு நாளைக்குத் தடம் முங்கிக் கெடக்கும். வள்ளமும் எறங்காது. போறதுன்னா இப்பவே போயிறணும். இல்லைன்னா அடுத்த ஞாயிறு எங்களோடதான்." ராக்கன் சிரித்தான். "இருங்களேன். எங்களுக்கும் நல்லாருக்கும்."

ராக்கனுக்குப் புதன்கிழமையைப் பற்றித் தெரியாது. புதன்கிழமை சேராதவர்களுக்கு மடத்தின் கதவு அடுத்த வருஷம்தான் திறக்கும் என்பதும் தெரியாது.

சூசைராஜ் அப்படியே நின்றார். ஒன்றும் செய்ய வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். திரும்பிப் போய் உட்கார்ந்து நண்டைத் தின்றால் போதும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். காற்றிடம் போய் எந்த மதரும் விளக்கம் கேட்க முடியாது. ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் என்னென்னவோ நடக்கலாம்.

பாயைத் திரும்பிப் பார்த்தார். செல்வி இடம் மாறி உட்கார்ந்திருந்தாள். அவர் உட்கார்ந்த இடத்துக்கு முதுகைக் காட்டி, தட்டை மடியில் வைத்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கழுத்தை ஒடித்துக் கடலைப் பார்க்க வேண்டாம் என்று, அவளே திரும்பிக்கொண்டாள்.

இந்த முதுகை ஒரு வருஷம் எப்படிப் பார்ப்பது?

"ஏ அருளு, சட்டி பானையெல்லாம் எடுத்து உள்ள வையி. தண்ணி ஏறுதாம். இப்பவே கெளம்பணும்" என்றார்.

சைக்கிளைத் தூக்கிப் பின்னால் கட்டினார். ராக்கன் அரிக்கேன் விளக்கோடு தடம் பார்க்கப் போனான். சூசைராஜ் முன்னால் போய் எஞ்சினுக்கு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினார். எஞ்சின் பேசவில்லை. மறுபடியும் சுற்றினார். இருமல்கூட இல்லை. சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, பனியனோடு, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். தயிர்க் கலயத்தில் மத்தைச் சுற்றியிருந்தாலும் மோராவது வந்திருக்கும்.

அருளம்மாள் இறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னே செய்யிறீங்களா?"

"இல்ல அருளு."

"எம்முகத்தப் பாத்துச் சொல்லுங்க. அவ ஆசைய இப்படியா கெடுக்குறது?"

"மாதா மேல ஆணையா இல்ல."

"மாதாவ இதுல இழுக்காதீங்க."

காலமெல்லாம் விளையாட்டுப் பேச்சில் பிழைத்த வாய் அது. அதிலிருந்து முதன்முதலாக ஒரு நிஜம் வந்தபோது, கட்டிய பெண்சாதியே அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் மறுபடியும் ஹேண்டிலின் மேல் கையை வைத்துக் குனிந்தார்.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது.

"நீங்க ஏறி உக்காருங்கப்பா. நான் சுத்துறேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. அவள் நம்பினாளா, நம்பவில்லையா என்று அந்த மங்கிய வெளிச்சத்தில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"கட்ட வெரல உள்ள மடக்காத. வெளிய வச்சுப் பிடி. எஞ்சின் ஒதச்சா மணிக்கட்டு போயிரும்" என்று மட்டும் சொன்னார்.

ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியே அவள் தலை தாழ்ந்து எழுந்தது, தாழ்ந்து எழுந்தது. அந்தக் கூந்தலை இனி யார் வாருவார்கள், வாருவதற்கு அது இருக்குமா என்று யோசித்தபடி இருட்டில் கையை நீட்டித் தடவினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

எஞ்சின் சுவிட்சே போடவில்லை.

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அருளம்மாளிடம் அவர் செய்த ஆணை பொய்யில்லை. ஆனாலும் அந்தக் கை மட்டும் யாரிடமும் சொல்லாமல் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறது.

வெளியே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. நிமிர்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுக்குக் குனிந்தாள்.

சூசைராஜ் சுவிட்சைப் போட்டார்.

"இப்பச் சுத்து ஆத்தா."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க நடுங்கியது. செல்வி ஹேண்டிலை உருவிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். அருளம்மாள் மாதா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எதிரே ராக்கனின் விளக்கு தடத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் அவன் முழங்கால் தண்ணீரில் மறைந்தது. பிறகு இடுப்பு. பிறகு அவன் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அது வரச் சொல்கிறதா, நிற்கச் சொல்கிறதா என்பது இங்கிருந்து தெரியவில்லை.

"போங்கப்பா" என்றாள் செல்வி.

அவர் கியரைப் போட்டார்.